குடிக்காதவனின் தள்ளாட்டம்

ஹட்டனில் என் போட்டோகொப்பிக் கடைக்கு இன்று காலை டியூஷன் வாத்தியார் ஒருவர் உயிரியல் குறிப்புகளைக் கொண்டுவந்தார். முதல் தாள் சூடாக வெளியே வந்தது. மையின் கருகல் வாசனையோடு அதை எடுத்துப் பார்த்தேன். அவரைக்கொட்டையை நீளவாக்கில் பிளந்ததுபோல் ஒரு இழைமணி, அதாவது மைட்டோகொண்ட்ரியா, வரைந்திருந்தார். உள்ளே மடிப்பு மடிப்பாகச் சவ்வு. ஓரத்தில் சின்ன வளையம் ஒன்று; இழைமணிக்கென்று தனியாக இருக்கும் டிஎன்ஏ அதுதான் என்று அம்புக்குறி. கீழே ஒரு வரி: ‘இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குக் கடத்தப்படும்.’ அந்த வரிக்குப் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதியிருந்தார்: ‘பரீட்சைக்கு வராது.’

வாத்தியார் அனுபவசாலி. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உனக்கு மட்டும் வந்துவிட்டது.

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுதியதில்லை. ஒரே லயத்து வரிசையில், ஒற்றைச் சுவர் பிரிக்கும் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் பிறந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? சுவரைத் தட்டினால் போதும். பல சமயம் தட்டவும் வேண்டாம், உன் வீட்டில் நினைப்பதே எங்கள் வீட்டில் கேட்கும்.

டிக்கோயாவுக்கு மேலே, நம் தோட்டத்தில், கவ்வாத்து வெட்டுகிறவர்களில் நீ பேர்போனவன். வளர்ந்துவிட்ட தேயிலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்கும் வேலை. செங்குத்தான மலையில் ஒரு காலைச் செடியின் தூரில் ஊன்றிக்கொண்டு, இன்னொரு காலை ஏறத்தாழ ஆகாயத்தில் ஊன்றிக்கொண்டு கத்தி வீசுவாய். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா புதிதாக வருகிறவர்களுக்கு உன்னைக் காட்டி, இப்படி நிற்கப் பழகுங்கள் என்பார். அந்த மனிதர்தான் பிறகு உன் காலை வேறு விதமாக ஆராயத் தொடங்கினார்.

பெரட்டுக்களத்தில் அது நடந்தது. விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த இடத்தில், ஒரு மார்கழிப் பனியில், நீ உன் இடத்துக்கு நடந்து வந்தாய். நேராக வரவில்லை.

“என்னடா, காலங்காத்தாலயே ஏத்திட்டியா?”

“இல்லீங்கய்யா.”

“ஏத்துனவன் எவன்டா ஆமான்னு சொல்லியிருக்கான்? போ, போய்ப் படு.”

அன்று உனக்குப் பேர் போடவில்லை, அன்றைய சம்பளம் போயிற்று. அடுத்த வாரமும் ஒருநாள் போடவில்லை. நம் தோட்டத்தில் ஒரு ஆண்பிள்ளை நேராக நடக்காவிட்டால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. நிர்வாகமும் தொழிற்சங்கமும் கோயில் கமிட்டியும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயமும் அதுதான். நீ அப்போது சாராயத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. உன் அப்பா உங்கள் இரண்டு பேர் பங்கையும் குடித்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்திருந்தார்.

பிறகு, கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்க, அது தெரியாமலே நீ நடந்து போனாய். பொழுது சாய்ந்தால் வாசற்படியைக் காலால் தடவித் தேடினாய். நான் உன்னைக் கண்டிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா நல்ல மனுஷி. சிங்களத்தில் மெதுவாகப் பேசினார், நான் தமிழில் உனக்குச் சொன்னேன். ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பி, பதில் வருவதற்குள் நீ ஒரு தடிக்குப் பழகியிருந்தாய். பதிலில் எம்டி-ஏடிபி6 என்று ஒரு பெயர் இருந்தது. வாகனத்துக்குப் பின்னால் எழுதும் இலக்கம்போல இருக்கிறதே என்று நீ கேட்டாய். அது ஒரு பரம்பரையலகு, ஜீன் என்பார்களே அது. இழைமணிக்குள் இருக்கும் அந்தச் சின்ன வளையத்தில் குடியிருப்பது.

டாக்டரம்மாவின் அப்பா தேயிலை பெக்டரியில் வேலை செய்தவராம். அதனால் சுலபமாக விளக்கினார். நம் பழைய பெக்டரியில் வெள்ளைக்காரன் காலத்தில் ஓடையை மறித்து வாய்க்கால் வெட்டி டர்பைன் சுற்றவைத்தார்களே, அதுபோல ஒன்று ஒவ்வொரு கலத்துக்குள்ளும் உண்டு. ஏடிபி சிந்தேஸ் என்று பெயர். உடம்புக்கு வேண்டிய சக்தியை ஆக்கித் தரும் நொதியம் அது. நிஜமாகவே சக்கரம்போலச் சுழலும். தண்ணீருக்குப் பதில் புரோத்தன்கள் பாய்கின்றன. அவற்றைச் சக்கரத்தின் மேல் திருப்பிவிடும் மடைவாய் மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியைக் கட்டுவதற்கான குறிப்பு இந்தப் பரம்பரையலகில்தான் இருக்கிறது. உனக்கு அதில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டது. மடை சரியாகத் திறக்கவில்லை. நரம்பும் கண்ணும் மூளையும்தான் நிறையக் கரண்ட் இழுப்பவை, ஆகவே அங்கேதான் முதலில் விளக்கு மங்கும்.

“அப்ப பெக்டரி நல்லாத்தான் இருக்கு, தண்ணிதான் வரல்ல,” என்றாய். நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். எவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்கிறார் என்றார். திறந்துவிட வழி உண்டா என்று கேட்டாய். இப்போதைக்கு இல்லை என்றார். பிறகுதான் பேச்சு குடும்பத்துக்குத் திரும்பியது. அவர் சொன்னதை நான் ஒரு சொல்லும் விடாமல் உனக்குச் சொன்னேன்.

“இது ஆம்பளைகிட்டயிருந்து யாருக்கும் போகாதாம்டா. ஒன்னோட முடிஞ்சிரும். நீ கல்யாணம் கட்டலாம், பிள்ள பெத்துக்கலாம், ஒரு பயமும் இல்ல. ஆனா கோமதிக்கும் இருக்கும். கொஞ்சமா இருக்கும், அதான் அவ நல்லா நடக்குறா. அவ பிள்ளைகளுக்கு எவ்வளவு போகும்னு சொல்ல ஏலாதாம். கொஞ்சமாவும் போகலாம், முழுசாவும் போகலாம். கல்யாணத்துக்கு முன்னுக்கே ஒருக்கா கூட்டிட்டு வரச் சொல்றாங்க.”

உன் தங்கை கோமதிக்கு அப்போது உடப்புசல்லாவைப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் கினிகத்தேனையில் பஸ் தேத்தண்ணிக்கு நின்றது. நீ இறங்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே, உன் முடிவை எனக்கு அறிவித்தாய்.

“டாக்டரம்மா படிச்சவங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா வியாதி குலத்து வழியாத்தான்டா போகும். கோமதியக் கட்டிக் குடுத்துட்டா அவ அவங்க குலம். அவங்க சாமியத்தான் கும்பிடப் போறா. நம்ம வீட்டு வியாதிக்கு அங்க என்ன வேல?”

“இழைமணிக்குக் குலசாமி தெரியாதுடா.”

“ஒனக்குத் தெரியுமா?”

பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் அவள் வேறு வீட்டுக்காரி. சீரும் தீட்டும் சாமியும் எல்லாம் அதன்படிதான் நம் சனத்தில் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நோயும் அதே ஒழுங்கில் வரிசையில் நிற்கும் என்று நீ நம்பினாய். ஆண்வழியாக நம் முன்னோர் கட்டி வைத்திருக்கும் அத்தனை ஏற்பாட்டையும் ஒரு வளையம் சட்டை செய்யாமல் தாய்வழியே போய்க்கொண்டிருக்கிறது என்பது, உண்மைதான் என்றாலும், மரியாதையான செய்தி அல்ல.

ஆகவே மிக நேர்மையாக நடந்துகொண்டாய். வியாதி உன் குலத்தோடு முடியட்டும் என்று, உனக்கென்று பேசி வைத்திருந்த மாமன் மகளை வேண்டாம் என்று சொன்னாய். அந்த வீட்டில் யாருக்கும் தீங்கில்லாமல் கல்யாணம் செய்திருக்கக்கூடிய ஆள் நீதான். நீ செய்யவில்லை. கோமதியின் கல்யாணத்துக்கு மட்டும் ஒன்றும் குறுக்கே வந்துவிடக் கூடாது என்று முழு மூச்சாக இறங்கினாய்.

அதற்கு நீ கண்டுபிடித்த வழியைப் பற்றி நான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன்.

“குடிகாரன் தங்கச்சின்னா கட்டுவாங்கடா. நோயாளி தங்கச்சின்னா எவன் கட்டுவான்?”

சமூகவியல் என்று தலைப்புப் போட்ட தடித்த புத்தகங்களை வாசித்திருக்கிறேன். இவ்வளவு சரியாக எதிலும் எழுதியிருக்கவில்லை. உன்னைக் குடிகாரன் என்று ஏற்கெனவே தோட்டமே முடிவு செய்திருந்தது. நீ செய்ய வேண்டியதெல்லாம் அந்த முடிவுக்கு மரியாதை கொடுப்பதுதான். கால் போத்தல் சாராயம் வாங்கி வந்து வாய் கொப்பளித்தாய். வாசனை பிடிக்காமல் லயத்து வாசலிலேயே வாந்தி எடுத்தாய். பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு வாயில் வைக்காமல், குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, சட்டைக் கொலரில் நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டு வெளியே புறப்படுவாய். மற்றவர்கள் வீட்டுக்கு வருமுன் வாசனையை மறைத்தார்கள். நீ வீட்டை விட்டுப் போகுமுன் பூசிக்கொண்டாய்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று நானும் இருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே விசாரித்தார்.

“மச்சினன்காரர் கொஞ்சம் போடுவாராமே?”

உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, எல்லாம் கூட்டாளிமார் செய்த வேலை என்று சொல்லி என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன்; அது பொருத்தமாக இருந்தது.

“அது பரவால்லீங்க, எந்த வீட்டுல இல்ல? வேற சீக்கு, வலிப்பு, அப்பிடி ஏதும் குடும்பத்துல…?”

“மாரியாத்தா புண்ணியத்துல ஒன்னுமே இல்லீங்க.”

அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கும் நீ சொல்லியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா நிம்மதியாகப் பலகாரத்தில் கை வைத்தார். நீ சுவரோரம் உட்கார்ந்து, தள்ளாட வேண்டிய அவசியம் இல்லாத நேரத்திலும் கொஞ்சம் தள்ளாடிக் காட்டினாய். அது தேவையில்லை என்று பிறகு உன்னிடம் சொன்னேன். “சேப்டிக்கு,” என்றாய்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அடுத்த வருஷம் பையன் பிறந்தான். முடியிறக்கி காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், அது நம் சனத்தில் யாரும் தட்டிப் பறிக்க முடியாத உரிமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நீ மருமகனுக்குச் சட்டையும் வெள்ளி அரைஞாணும் வாங்கி, புது வேட்டியில், உடப்புசல்லாவைக் கோயிலுக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாய். கொலரில் வழக்கம்போல நாலு சொட்டு. இவ்வளவு காலம் கட்டிக் காத்ததைக் காது குத்துக்காக விட முடியாது அல்லவா.

“குடிகாரன் மடியில பிள்ளைய வைக்க ஏலாது,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. “கீழ போட்டுட்டான்னா? யாரு பதில் சொல்றது?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். வேறு யாரோ ஒரு மாமன் முறைக்காரர் மடியில் வைத்துக் குத்தினார்கள். பிள்ளை அலறிய சத்தத்துக்கு நீ கோயில் மதிலில் சாய்ந்து நின்று சிரித்தாய். நல்ல தொண்டை என்றாய். நீ பார்த்தது அந்தச் சத்தத்தை மட்டும்தான். வெயிலில் உனக்கு மற்றதெல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும்.

பிறகு பையனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். அது போனபோது, அவன் அதுவரை கற்றுக்கொண்டதையும் எடுத்துக்கொண்டு போனது. நின்ற கழுத்து மறுபடியும் சாய்ந்தது. கண்கள் தன்பாட்டில் உருண்டன. பால் விழுங்க மறந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு வாட்டிலிருந்து இன்னொரு வாட்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு டாக்டர் கோமதியிடம் கேட்டாராம்: உங்கள் குடும்பத்தில் யாருக்காவது நடக்க முடியாமல், கண் தெரியாமல், இப்படி ஏதாவது உண்டா?

“இல்லீங்க சேர்,” என்று கோமதி சொல்லியிருக்கிறாள். “ஒரு அண்ணன் இருக்கான். அவன் குடிக்கிறவன்.”

டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். உன் நடிப்புக்கு அதைவிடப் பெரிய பரிசை யாரும் கொடுத்ததில்லை. இதை அவள் அம்மாவிடம் சொல்ல, அம்மா அதை உன் முன்னாலேயே, டாக்டரிடம்கூட உன் மானக்கேட்டைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது என்று புலம்பினார். நீ எழுந்து வெளியே போனாய். நான் பின்னால் வந்தேன். பீலிக்கரையில், தண்ணீர் விழுந்துகொண்டிருக்க, முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாய்.

பையன் முதல் பிறந்தநாளைக் காணவில்லை.

கோமதி கொஞ்ச நாள் அம்மா வீட்டில் வந்து இருந்தாள். சீக்கிரம் இன்னொன்று பெற்றால் மனது ஆறிவிடும் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பேச்சுத்தான் உன்னை எழுப்பியது. வியாதி குலம் பார்க்கவில்லை; அவள் இன்னொன்று பெறுவதற்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அன்று கொலரில் ஒன்றும் தெளிக்கவில்லை. துவைத்த சட்டை போட்டு, என்னைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு, உன் சொந்த வீட்டுக்குள் விருந்தாளிபோல நுழைந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

“கோமதி, நான் குடிக்கிறதில்ல. ஒருநாளும் குடிச்சதில்ல.”

அவள் அடுப்பிலிருந்து திரும்பி, உன்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“நெலையப் புடிக்காம நின்னு சொல்லு.”

நீ கையை எடுத்தாய். நான் பிடித்திருக்காவிட்டால் அடுப்பிலேயே விழுந்திருப்பாய்.

நான் அறிக்கையை எடுத்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தது. அவள் அதை வாங்கவில்லை. “கடையில அச்சடிக்கிறவங்களுக்கு இது ஒரு பெரிய வேலையாண்ணே?” என்றாள். நியாயமான சந்தேகம், பிறப்புச் சான்றிதழ் ‘திருத்தித்’ தரும்படி மாதம் ஒருவராவது என்னைக் கேட்கத்தான் செய்கிறார்கள். நீ விடவில்லை. இது அம்மா வழியாக வருவது, அவளுக்கும் இருக்கிறது, கண்டிக்கு ஒருமுறை வரவேண்டும் என்று கெஞ்சினாய். மூலையிலிருந்த அம்மாவுக்கு அதில் பாதிதான் கேட்டது.

“குடிச்சுக் கெட்டது நீ. பழி எனக்கா? பெத்த வயித்தையே சொல்றியேடா, பாவி.”

விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று தேடினார். அந்த வாரமே கோமதியைப் புருஷன் வந்து அழைத்துப் போனான். குடிகார மச்சான் இருக்கும் வீட்டில் பெண்டாட்டியை விட்டுவைக்க அவனுக்கு விருப்பமில்லை.

அதற்குப் பிறகு நீ சாராயம் தெளிப்பதை அடியோடு விட்டாய். அதனால் ஒன்றும் மாறவில்லை. கால் இன்னும் மோசமாகியிருந்தது. வாசனையே வராத புதுச் சரக்கு ஒன்று வலப்பனைப் பக்கமிருந்து வருகிறதாம், அதைத்தான் போடுகிறான் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டொருவர் அது எங்கே கிடைக்கும் என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்கள்.

கோமதிக்கு மகள் நிதுஷா பிறந்த செய்தி வந்து சில மாதங்களில் நீ போனாய். பொழுது சாய்ந்த நேரம், லயத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் வடியும் பெரிய கானில் விழுந்து கிடந்தாய். தலையில் அடி. விசாரணைக்கு வந்தவர் குடிப்பாரா என்று கேட்டார். வரிசையாக எல்லாரும் ஆமாம் என்றார்கள். யாரும் உன்னைக் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல பையன், அதுதான் ஒரு குறை என்றார்கள். நான் இல்லை என்றேன். கூட்டாளிக்காகப் பேசுகிறார் என்று அவருக்கு யாரோ எடுத்துச் சொன்னார்கள். அவரும் புரிந்துகொண்டு தலையசைத்தார்.

பெட்டியை மூடுவதற்கு முன் கவ்வாத்து ஆட்கள் வந்தார்கள். உன் தலைமாட்டில் வெற்றிலை வைத்தார்கள், பிறகு ஒருவர் மடியிலிருந்து ஒரு கால் போத்தலை எடுத்து, உடைக்காத முத்திரையோடு, உன் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் எடுக்கப் போனேன்.

“விடுங்கண்ணே,” என்றார். “ஆசப்பட்டு வாழ்ந்தவன். கொண்டு போகட்டும்.”

கொண்டு போனாய்.

போன வாரம் கோமதி கடைக்கு வந்தாள். நிதுஷாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போட்டோகொப்பி எடுக்க வேண்டுமாம். பிள்ளை அழகாக இருக்கிறாள்; உன் மூக்கு. வாசற்படியில் ஏறும்போது கால் தடுக்கி, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“மாமன் மாதிரி தள்ளாடாம ஒழுங்கா நடடி,” என்றாள் கோமதி.

வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பழகிய வேடிக்கை என்பது கேட்கும்போதே தெரிந்தது. பிள்ளையும் சிரித்தாள். கோமதி மட்டும் சிரிப்பை முடிக்கவில்லை. நான் தாள்களை அடுக்கிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

“பொழுது சாஞ்சா இவ செவுத்துல முட்டிக்கிறா அண்ணே. செருப்பு கழண்டாலும் தெரியுறதில்ல.” பிறகு, பிள்ளைக்குக் கேட்காதபடி: “அவன் நெசமாவே குடிக்கலயா?”

இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று எத்தனையோ வருஷம் காத்திருந்தவன் நான். கேட்டால் என்னவெல்லாம் சொல்ல வேண்டும், யாரையெல்லாம் கூப்பிட்டு வைத்துச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் பந்தல் போட்டு வைத்திருந்தேன். “இல்லம்மா,” என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பினாள். உடனே நம்பினாள். ஆக, நீ குடிக்காதவன் என்பதை நம்ப இந்த உலகத்தில் ஓர் ஆள் கிடைத்துவிட்டது. உனக்கு என் வாழ்த்துகள். அவள் சாகும்வரை நம்பாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வரும் செவ்வாய்க்கிழமை அவர்களைக் கண்டிக்குக் கூட்டிப்போகிறேன். அதே டாக்டரம்மாதான். அவர் மெதுவாகத்தான் பேசுவார், நான் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை, சும்மா கால் தடுக்கியதுதான் என்றுகூட அவர் சொல்லலாம்; அப்படி வாயால் சொல்லிப் பார்க்கிறேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. மடை, சக்கரம், எழுத்து எல்லாவற்றையும் கேட்ட பிறகு, கோமதி டாக்டரம்மாவைப் பார்க்க மாட்டாள், என்னைப் பார்ப்பாள். “அப்ப எங்கிட்டயிருந்தாண்ணே?” என்று கேட்பாள்.

அந்தக் கேள்வி அவள் காதில் விழாமல் இருக்க நீ உன் பெயரைக் கொடுத்தாய், மாமன் மகளைக் கொடுத்தாய், மருமகனை மடியில் வைக்கும் உரிமையையும் கொடுத்தாய். கொடுக்க என்னிடம் அப்படி எதுவும் இல்லை. உன்னைக் குடிகாரன் இல்லை என்று சொல்லும் அதே வாயால், அவளுக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல வேண்டும். தப்பு அவளுடையதல்ல என்று பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்தான். எந்தத் தாய் அதுவரை கேட்டுக்கொண்டிருப்பாள்?

அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டுதான் இப்போது நடமாடுகிறேன். மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன், சுருக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன், முதுகைத் தடவிக்கொண்டே சொல்வதாக நினைத்துப் பார்க்கிறேன். எப்படிச் சொன்னாலும் அது தமிழில்தான் இருக்கிறது, அவளுக்குப் புரிந்துவிடும்.